பேஸ் வாசிப்பவரின் அரசியல்

மெல்லிசைக் கச்சேரிகளில் பேஸ் கிட்டார் வாசிப்பது என் பிழைப்பு. மணி ஒன்பதரையைத் தாண்டினால் மேடையிலிருக்கும் எல்லோர் கண்ணும் தானாகப் போலீஸ்காரர் பக்கம் போகும். பத்துக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது. எங்களுக்கு அரசியல் என்பதே முதலில் இதுதான்: யார் அனுமதி தர வேண்டும், எத்தனை மணி வரை, யார் செலவில்.

நிர்வானா என்ற அமெரிக்க ராக் குழுவில் பேஸ் வாசித்த கிறிஸ்ட் நோவோசெலிச்மேல் எனக்கு மரியாதை வந்தது, இந்த மாதிரி அரசியலில் அவர் இறங்கியதால்தான். வாசிப்புக்காகவும்தான், அதை மறுக்கவில்லை. மூன்றே பேர் உள்ள குழு அது. பாடகர் கர்ட் கோபெய்னின் கிட்டார் வெறும் இரைச்சலாகிவிடும் இடங்களில் பாட்டு எந்தச் சுரத்தில் நிற்கிறது என்று சொல்ல இவர் ஒருவர்தான் உண்டு.

அவருடைய பெற்றோர் குரோஷியாவிலிருந்து வந்தவர்கள். போஸ்னியப் போரில் வன்கொடுமைக்கு ஆளான பெண்களுக்காக 1993 ஏப்ரலில் சான் பிரான்சிஸ்கோ அருகே நிர்வானா ஒரு நிதிக் கச்சேரி நடத்தியது. அதற்கு முன்கை எடுத்தவர் அவர். அடுத்த ஆண்டு கோபெய்ன் இறந்தார், குழுவும் முடிந்தது.

அதன் பிறகு அவர் செய்த வேலையில் மேடையே இல்லை. சியாட்டில் நகரில் 1985 முதல் ஒரு சட்டம் இருந்தது. பதின்வயதினர் வரும் நடன நிகழ்ச்சி என்றால் பத்து லட்சம் டாலர் காப்பீடு எடுக்க வேண்டும், பணியில் இல்லாத போலீசாரைக் கூலி கொடுத்து நிறுத்த வேண்டும். எந்தச் சின்ன அரங்கம் இதற்குத் துணியும்? இசைத்தட்டை வாங்கும் பிள்ளைகளே கச்சேரிக்கு வர முடியாத நிலை. 1995-ல் நோவோசெலிச் இசைக்கலைஞர்களுக்கென ஜாம்பேக் என்ற அரசியல் செயற்குழுவைத் தொடங்கி இதை எதிர்த்தார். மனு, நகரமன்றக் கூட்டம், மறுபடி மனு. பாட்டில் நாலு வரி திட்டிவிட்டுப் போவது எவ்வளவு சுலபம்! அந்தச் சட்டம் 2002-ல்தான் நீங்கியது.

பிறகு தேர்தல் முறைப் பக்கம் போனார். வேட்பாளர்களை விருப்ப வரிசையில் குறிக்கும் வாக்குமுறைக்காகப் பாடுபடும் ஃபேர்வோட் அமைப்பின் தலைவராக இருந்தார். சியாட்டில் இருக்கும் வாஷிங்டன் மாநிலத்தில் வேட்பாளர் எந்தக் கட்சிப் பெயரையும் அக்கட்சியைக் கேட்காமலே வாக்குச்சீட்டில் போட்டுக்கொள்ளலாம். அதைக் கேலி செய்து, 2009-ல் தான் வசித்த வாக்கியாக்கம் மாவட்டத்தின் எழுத்தர் பதவிக்கு, இல்லாத ஒரு கட்சியின் பெயரில் மனு செய்தார். கட்சிக்கு அவர் வைத்த பெயர் ‘கிரேஞ்ச்’. அது அவர் உறுப்பினராக இருந்த உழவர் சங்கத்தின் பெயர்.