பிராத்தோ பிஸ்கோத்து

எங்கள் ஆச்சி கடைசிவரை பிஸ்கட் என்று சொன்னதே இல்லை. பிஸ்கோத்துதான். இத்தாலியில் பிராத்தோ நகரத்துக் கடையொன்றில் 'பிஸ்கோத்தி' என்று காதில் விழுந்ததும் ஆச்சி ஞாபகம் வந்துவிட்டது. இரண்டு முறை சுட்டது என்பது அந்தச் சொல்லுக்கு அர்த்தமாம். அதாவது, ரஸ்க்குக்கு ஒன்றுவிட்ட தங்கச்சி.

பிளாரன்ஸிலிருந்து ரயிலில் அரை மணி நேரம்தான். துணி ஆலைகளுக்குப் பேர்போன ஊர், சுற்றுலாக் கூட்டம் குறைவு. பேராலயத்தின் வெளிமூலையில் சிற்பி தொனத்தெல்லோ செதுக்கிய சிற்பங்களின் நகல்கள் பதித்த பிரசங்க மேடையை அண்ணாந்து பார்த்துவிட்டு நேரே ரிக்காசோலி தெருவுக்குப் போனோம். அந்தோனியோ மத்தேய் 1858-இல் தொடங்கிய கடை அங்கே இன்னும் நடக்கிறது. நீலக் காகிதப் பையில் கட்டித் தருகிறார்கள். மாவு, சர்க்கரை, முட்டை, பாதாம், பைன் கொட்டை, அவ்வளவுதான். வெண்ணெய் கிடையாது. வாசலிலேயே ஒன்றை எடுத்து நறுக்கென்று கடித்தேன். கடைவாய்ப் பல் ஆட்டம் கண்டது.

தங்கியிருந்த வீட்டம்மாவிடம் கைபேசி மொழிபெயர்ப்பில் புலம்பினேன். சிரித்துவிட்டு, சாயங்காலம் சமையலறைக்கு வரச் சொன்னார்.

அரைக் கிலோ மாவு, 300 கிராம் சர்க்கரை, நாலு முட்டை, 250 கிராம் பாதாம். பழக்கதோஷத்தில் பாதாமை ஊறவைக்க வெந்நீர் கேட்டேன். "நோ, நோ!" தோலோடு, முழுசாகத்தான் போட வேண்டுமாம். மாவு பிசின் மாதிரி ஒட்டியது. கையை நனைத்துக்கொண்டு மூன்று விரல் அகலத்துக்கு நீளமாக உருட்டி, மேலே முட்டை பூசி, 180 டிகிரியில் இருபத்தைந்து நிமிடம்.

சூட்சுமமே வெட்டுவதில்தான். முதல் உருளையை நான் ஃபோட்டோ எடுத்து எடுத்தே ஆறவிட்டேன். கத்தி பாதாமில் பட்டதும் பொலபொலவென்று உதிர்ந்தது. அடுத்ததை அவர் வாங்கிக்கொண்டார். சுடச்சுடத் துணியால் பிடித்து, கனமான கத்தியைச் சாய்த்து வைத்து ஒரே அழுத்து. பாதாம் குறுக்கே வெட்டுப்பட்டு வெள்ளை முகம் காட்டியது. துண்டுகளைப் படுக்கவைத்து மறுபடி பத்து நிமிடம் அடுப்பில்.

சாப்பாடு முடிந்தபின் தட்டில் பிஸ்கோத்தியும், சின்னஞ்சிறு கண்ணாடிக் குவளைகளில் வின் சாந்தோவும் வந்தன. திராட்சையை உலர்த்திப் பிழிந்து, சிறிய மரப்பீப்பாய்களில் வருஷக்கணக்கில் வைத்தெடுக்கும் ஒயின். நான் டீயில் ரஸ்க் நனைக்கிற அவசரத்தில் முக்கி எடுத்தேன். உடைந்து விழுந்துவிடும் என்ற பயம் நமக்கு ரத்தத்திலேயே இருக்கிறதே. "பியானோ, பியானோ" என்றார். வாத்தியம் எங்கே என்று திரும்பிப் பார்த்தேன். மெதுவாக என்று அர்த்தமாம். சரி என்று பத்து எண்ணும்வரை பிடித்திருந்தேன். விழவில்லை. மேலே மெத்தென்று ஊறி, பாதாம் மட்டும் உள்ளே மொறுமொறுத்தது. தேனும் உலர்திராட்சையும் சேர்ந்த மாதிரி ஒரு வாசனை.

அவர் கணவர் வேறு கட்சி. நல்ல வின் சாந்தோவில் தூள் மிதக்கவிடுவதா என்று, பிஸ்கோத்தியைத் தனியாகக் கடித்தார், ஒயினைத் தனியாகக் குடித்தார். எழுபது வயதில் அந்தப் பல்!

மறுநாள் காலை மேஜையில் காப்பிக்குப் பக்கத்தில் ஒரு கிண்ணம். நான் நொறுக்கிய முதல் உருளை. பக்கத்திலேயே ஒரு ஸ்பூனும் வைத்திருந்தார்.