நீங்க கேரளாவா?

தைப்பூசத்துக்குப் பழனிப் பாதயாத்திரை. வாடிப்பட்டி தாண்டி ஓர் அன்னதானப் பந்தல். மோர் ஊற்றிக்கொண்டிருந்தவரிடம், "எனக்கும் கொஞ்சம் தாங்கோ அண்ணா" என்று கையை நீட்டினேன். அவர் டம்ளரை நிரப்பிவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

"கேரளாவாம்மா? அங்கிட்டு இருந்தே நடந்து வாரீகளா?"

வரிசையில் நின்ற சனம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பின்னால் நின்ற ஒரு பாட்டி, "முருகா, அம்புட்டுத் தூரமா!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு என் காலைத் தொடவே குனிந்துவிட்டார். நான் நடந்து வருவது மதுரை செல்லூரிலிருந்து.

இந்தக் கேள்வியோடுதான் இந்த நாட்டில் வளர்ந்தேன். பாவாடை சட்டை வயதில் படகில் வந்து இறங்கி, மண்டபம் முகாம், பிறகு மதுரைப் பக்கம் ஒரு முகாம், கலியாணத்துக்குப் பிறகு செல்லூரில் வாடகை வீடு. பஸ் கண்டக்டர், ரேஷன் கடைக்காரர், பிள்ளையின் டீச்சர் எல்லோருக்கும் நான் கேரளா. ஓர் ஆட்டோக்காரர் "சேச்சி" என்றே கூப்பிட்டு, வாடகையையும் அதற்கேற்றபடி கூட்டிச் சொன்னார்.

சரி, இல்லை, இலங்கை என்று சொல்லிவிட்டால் தீர்ந்ததா? அங்கேதான் தொல்லையே. குரல் உடனே தணியும். "அய்யோ பாவம். சண்டையில உங்க வீட்டுல யாரும்...?" அன்பில் கேட்பதுதான், குறை சொல்லமாட்டேன். ஆனால் கால் கிலோ கத்தரிக்காய் நிறுக்கிற இடைவெளியில் அதற்கு என்ன பதில் சொல்வது? அதனால் சில நாட்களில், "ஓம், பாலக்காடு" என்று சொல்லிவிட்டுக் கத்தரிக்காயை வாங்கிக்கொண்டு வந்துவிடுவேன். அன்றைக்கு மோர்ப் பந்தலிலும் தலையை ஆட்டிவிட்டு நகர்ந்தேன். பாட்டி கால் பக்கம் குனிந்ததுதான் மனதை உறுத்திக்கொண்டே வந்தது.

தைப்பூசத்துக்கு மதுரையிலிருந்து பழனிக்கு நடப்பவர்களுக்கு அந்த நான்கு வழிச்சாலையைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. கிட்டத்தட்ட 120 கிலோமீட்டர். விடியற்காலையில் பனி, பதினொரு மணிக்கு மேல் தார் கொதிக்கும். வெறுங்காலோடு எல்லோரும் ஓரத்து வெள்ளைக்கோட்டின் மேலேயே ஒருவர் பின் ஒருவராக நடப்போம். அதில் சூடு கொஞ்சம் குறைவு. வலது கைப்பக்கம் சிறுமலை கூடவே வந்தது. லாரி ஒன்று உரசிக்கொண்டு போனால் முன்னால் ஒருவர் "வேல் வேல்" என்பார், நாங்கள் "வெற்றிவேல்" என்போம். வெயில், புளியோதரை, இரவு பன்னிரண்டு மணிக்கும் திறந்திருக்கும் புரோட்டாக் கடை எல்லாம் பழகிவிட்டன. நான் மதுரைக்காரியேதான் என்று கொடைரோடு வரைக்கும் எனக்கே சொல்லிக்கொண்டு வந்தேன்.

கொடைரோட்டுக்கு அப்பால் ஒரு பந்தலில் சோறும் கத்தரிக்காய்க் குழம்பும். முதல் வாய் வைத்ததும் சந்நிதிக்குப் போய்விட்டேன். யாழ்ப்பாணத்துத் தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதியில் முருகனுக்குப் பெயரே அன்னதானக் கந்தன். பூசை செய்பவர்கள் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு செய்வார்கள். கோயிலைச் சுற்றி மடங்கள். ஆவணித் திருவிழாவில் அம்மம்மா என் கையைப் பிடித்து ஒரு மடத்தில் சாப்பாடு, அடுத்த மடத்தில் மோர் என்று கூட்டிப்போவார். வயிறு நிறைந்து படுத்தால் காலுக்குக் கீழே மணல். தார் கிடையாது.

சாயங்காலம் சின்னாளபட்டிக்கு முன்னால் ஒரு கலியாண மண்டபத்தில் தங்கல். பெண்களுக்கு மேல்மாடி. ஜமுக்காளம் விரித்த இடத்தில் நூறு பேருக்குக் குறையாது. தைல வாசனை, ஈரச்சேலை, ஒரு சார்ஜர் பாயிண்டுக்கு எட்டு போன், மூலையில் ஒரு அம்மா விட்ட குறட்டையில் மற்றவர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் படுத்திருந்தவர் என் பேச்சைக் கேட்டதும் கேள்வி வந்தது. நான் வாயைத் திறக்கும் முன் எங்கள் தெரு அக்கா முந்திக்கொண்டார்.

"கேரளாவும் இல்ல கீரளாவும் இல்ல. அது எங்க செல்லூருப் புள்ள. காலைக் காட்டுத்தா."

என் குதிகாலில் கோலிக்குண்டு அளவுக்குக் கொப்புளம். அக்கா பாதத்தைத் தன் மடியில் இழுத்து வைத்துக்கொண்டு, ஊசியில் வெள்ளை நூலைக் கோத்து, கொப்புளத்தின் ஒரு பக்கம் குத்தி மறுபக்கம் எடுத்தார். நூலை உள்ளேயே விட்டு இரண்டு முனையையும் நறுக்கினார். நூல் வழியாக நீர் மெல்லக் கசிந்தது. தோலைப் பிய்த்தால்தான் எரிச்சல், நாளைக்கு நடக்கலாம் என்றபடி அடுத்த காலையும் இழுத்தார்.

வலி தெரியாமல் இருக்கக் கதைத்துக்கொண்டே இருந்தேன். எங்கள் ஊரிலும் பாதயாத்திரை உண்டு அக்கா, சந்நிதியிலிருந்து தெற்கே கதிர்காம முருகன் கோயிலுக்கு, முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு என்று கிழக்குக் கரையோரமாக ஒன்றரை மாதம், அம்மம்மா நடந்தவர், 1983-க்குப் பிறகு பல வருடம் வடக்கிலிருந்து நடக்க வழியில்லாமல் இருந்தது என்றேன். அக்கா ஊசியை நிறுத்தினார்.

"ஒன்றரை மாசமா? அப்ப எங்கத்தா படுப்பாக?"

சண்டையைக் கேட்காமல் படுக்கையைக் கேட்ட முதல் ஆள்! எனக்கு வாய் மூடவில்லை. கோயில் வாசல், மரத்தடி, ஆற்று மணல். உகந்தை முருகன் கோயிலோடு ஊர் முடிந்துவிடும். பிறகு குமண, யால என்று நாலைந்து நாள் காடு. யானை, கரடி, சிறுத்தை. அரிசி பருப்பெல்லாம் தலைச்சுமை. கடைசியில் மாணிக்க கங்கையில் ஒரு முழுக்கு. சார்ஜருக்குச் சண்டை போட்டவர்களும் வந்து சுற்றி உட்கார்ந்தார்கள். குறட்டை அம்மா எழுந்து, "கரடியா?" என்றார்.

"அங்க போக எம்புட்டு ஆகும்?" என்றார் அக்கா.

மதுரையிலிருந்து கொழும்புக்கு விமானத்தில் ஒரு மணி நேரம்தான் என்றேன்.

"அட, திண்டுக்கல் பஸ்ஸே அம்புட்டு நேரம் ஆகுமே! ஆடிக்கு இன்னும் ஆறு மாசம் கெடக்கு. பாஸ்போர்ட்டு எடுத்துருவோம். நீ முன்னாடி நட, நாங்க பின்னாடி வாரோம்."

என்னிடம் பாஸ்போர்ட் இல்லை. அகதி அட்டைதான். அதை வைத்துக்கொண்டு போவதற்கே ஆயிரம் அனுமதி வேண்டும். போனால் செல்லூருக்குத் திரும்பி வரலாமா என்பதும் நிச்சயமில்லை. சொல்லத்தான் நினைத்தேன். அதற்குள் அக்கா சாமான் பட்டியலுக்குப் போய்விட்டார். அரிசி பருப்பு அங்கேயே கிடைக்குமா? காட்டுக்கு முன்னால் பாணமை என்ற ஊரில் கடை இருக்கும் என்றேன். "அப்ப புளியோதரையை மட்டும் இங்கிருந்தே கட்டிக்கிருவோம்."

ரெண்டாம் நாளே ஊசிப்போகும் என்று குறட்டை அம்மா சொன்னார். நல்லெண்ணெய் தாராளமாக விட்டால் ஒரு வாரம் தாங்கும் என்றார் இன்னொருவர். யார் வீட்டுப் புளிக்காய்ச்சல் எத்தனை நாள் கெடாமல் இருந்தது என்ற வழக்கு பத்தரை மணிக்கு மேலும் ஓடியது. கீழ்மாடியிலிருந்து ஆண்கள் விளக்கை அணைக்கச் சொல்லிச் சத்தம் போட்டார்கள்.