மஞ்சள் கோடு

கிழக்கு லண்டனில், வசதியில்லாதவர்களுக்கு அரசு செலவு கொடுக்கும் லீகல் எய்ட் வழக்குகள் பார்க்கும் சின்னச் சொலிசிட்டர் (வழக்கறிஞர்) அலுவலகம் ஒன்றில் பல வருடம் உதவியாளராக இருந்தேன். கடைத்திருட்டு, அடிதடி, குடித்துவிட்டுக் கார் ஓட்டியது என்று வரும் கோப்புகளுக்கு நடுவே எப்போதாவது ஒரு நாய்க் கோப்பு வரும். திறக்கவே வயிற்றைக் கலக்கும். படங்கள் அப்படி. வேண்டுமென்றே வதைத்தவர்களையும் கண்டிருக்கிறேன். அவர்களுக்காக நான் இரங்கியதில்லை.

இந்த மனிதர் வேறு. எழுபதைத் தாண்டிய வெள்ளைக்காரர், மனைவி இறந்து ஒன்றரை வருடம். மடியில் ஒரு பிஸ்கட் டின். உள்ளே நாயின் தடுப்பூசி அட்டை. பதினொரு வருடம் ஓர் ஊசிகூடத் தவறவில்லை, பிறகு வெறும் கட்டங்கள். கடைசி முத்திரை மனைவி சாவதற்கு முந்திய மாதம். நாயைக் கொண்டுபோய் நாலு மாதமாகியும் கோட்டின் கைமடிப்பில் மயிர் ஒட்டியிருந்தது.

நாயின் காதில் முற்றிய புண். நகம் வளைந்து பாதத்துக்குள் இறங்கியிருந்தது. அது வேதனைப்பட்டதில் சந்தேகமில்லை, அவரும் மறுக்கவில்லை. அயலவர் யாரோ அறிவித்து, ஒரு தொண்டு அமைப்பின் சீருடையில் ஆள் வந்தார். பெயர் இங்கே வேண்டாம். அந்தச் சீருடைக்கு வீட்டுக்குள் நுழையச் சட்டப்படி அதிகாரமில்லை. கிழவர் கதவைத் திறந்து தேநீரும் போட்டுக் கொடுத்தார். உதவிக்கு வந்திருக்கிறார்கள் என்று நினைத்தாராம்.

பிறகு மிருக வைத்தியர் சான்று கொடுக்க, பொலிஸ் நாயை எடுத்தது. அதற்குப் பிறகு பதிவு செய்யப்பட்ட விசாரணை. 'நீங்கள் எதுவும் சொல்லவேண்டிய கட்டாயமில்லை' என்ற எச்சரிக்கையெல்லாம் முறைப்படி வாசித்திருக்கிறார்கள். சொலிசிட்டர் வேண்டுமா? "எதற்கு? ஒளிக்க ஒன்றுமில்லையே." அடுத்த பக்கத்தில், "வைத்தியரிடம் கொண்டுபோயிருக்க வேண்டும், தெரியும். வாசலைத் தாண்ட முடியவில்லை" என்கிறார். எங்களுக்கு வந்த பிரதியில் அந்த முதல் வாக்கியத்துக்கு யாரோ மஞ்சள் கோடு போட்டிருந்தார்கள். இரண்டாவதுக்குப் போடவில்லை.

2006-ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டம், 4-ஆம் பிரிவு: வேதனை வரும் என்று தெரிந்திருந்தாலும் குற்றம், நியாயமாகத் தெரிந்திருக்க வேண்டியதென்றாலும் குற்றம். மனம் உடைந்து கிடந்தது தண்டனையைக் குறைக்கலாம், குற்றத்தை இல்லாமலாக்காது. ஆகவே இரக்கத்துக்கு இடமிருப்பது, வழக்குப் போடுவதா விடுவதா என்று முடிவெடுக்கும் மேசையில்தான். ஸ்கொட்லாந்தில் விலங்கு அமைப்பு விசாரித்தாலும் அந்த முடிவு அரச வழக்குத்தொடுநரின் கையில். இங்கிலாந்தில் தனியாரும் குற்றவழக்குத் தொடுக்கலாம் என்பதால் விசாரிப்பதும் தொடுப்பதும் ஒரே கூரைக்குக் கீழ் நடக்கலாம். விலங்குவதையைத் தடுக்க 1824-இல் தொடங்கிய ஆர்எஸ்பிசிஏ என்ற தொண்டு அமைப்பு, இப்படி வழக்குத் தொடுப்பவற்றில் மிகப் பெரியது. அரசு அமைப்புகளால் முடிகிற இடங்களில் அது வழக்குத் தொடுப்பதை விட்டுவிட வேண்டும் என்று 2016-இல் நாடாளுமன்றக் குழு ஒன்று சொன்னது, அரசு ஏற்கவில்லை. 2021-இல் அரச வழக்குத்தொடுப்புத் துறையிடம் பொறுப்பைக் கொடுக்க எண்ணுவதாக அந்த அமைப்பே அறிவித்தது. அதே ஆண்டில்தான் உச்சத் தண்டனை ஆறு மாதத்திலிருந்து ஐந்து வருடமாக ஏறியது. எங்கள் கிழவரின் வழக்கு அதற்கு முந்தியது.

இதே கிழக்கு லண்டனில், வைட்சப்பலில், 1917-இல் மரியா டிக்கின் ஏழைகளின் விலங்குகளுக்கு இலவச வைத்தியசாலை திறந்தார். அவர் தொடங்கிய பிடிஎஸ்ஏ என்ற அந்தத் தொண்டு அமைப்பு இன்றும் இருக்கிறது. அதன் தொலைபேசி இலக்கத்தை ஒரு துண்டில் எழுதிக் கிழவரிடம் யாராவது கொடுத்தார்களா என்று கோப்பை இரண்டு தடவை புரட்டினேன். இல்லை.

குற்றத்தை ஒப்புக்கொண்டார். சிறையில்லை, ஐந்து வருடம் எந்த விலங்கும் வைத்திருக்கக் கூடாது. நாயை வேறு வீட்டுக்குக் கொடுப்பார்கள், எங்கே என்று சொல்ல மாட்டார்கள். நீதிமன்ற நடையில் வைத்து என்னிடம் ஒன்று கேட்டார்: "நவம்பர் ஐந்து வாணவேடிக்கைச் சத்தத்துக்கு அது கட்டிலுக்குக் கீழே போய்விடும். வானொலியைச் சத்தமாகப் போட்டால் வெளியே வரும். அவர்களுக்கு இதை எழுத முடியுமா?"

வழக்கு இலக்கத்தைப் போட்டு எழுதினேன். அது ஒக்டோபர் கடைசி.