டெங்கு சீசன் முடிஞ்சாச்சுன்னு ஆளை நிறுத்தலாமா?

நாங்க இருக்கறது கன்னியாகுமரி மாவட்டம் களியக்காவிளை பக்கம், ரோட்டை பிடிச்சு கொஞ்ச தூரம் போனா பாறசாலை, கேரளா வந்துரும். கல்யாணம், துஷ்டி, சந்தை, ஆஸ்பத்திரின்னு ஜனங்க தினமும் அங்கயும் இங்கயும் போய்ட்டு வந்துட்டே இருப்பாங்க, காய்ச்சலும் அப்படித்தான். 2021 ஜூலைல பாறசாலைல ஒரு கர்ப்பிணிக்கு ஜிகான்னு உறுதி ஆனப்போ இந்த பக்கம் வாசல் வாசலா ஏறி இறங்குனது டிபிசின்னு சொல்ற கொசுப்புழு ஒழிப்பு பணியாளருங்களும் சப் சென்டர்னு சொல்ற துணை சுகாதார நிலையத்து நர்ஸ் சிஸ்டரும்தான். ஜிகா, டெங்கு, சிக்கன்குனியா மூணையும் பரப்பறது ஏடிஸ் கொசு, அது பிறந்த இடத்துல இருந்து சில நூறு மீட்டர் தாண்டி போறதே அபூர்வம். வைரஸை பஸ்ல ஏத்திக் கொண்டு வர்றது மனுஷங்க, அத வாங்கி அடுத்த ஆளுக்கு குடுக்கறது நம்ம கொல்லைல பிறந்த கொசு. அதனால செக்போஸ்ட்ல நெத்திக்கு நேரா காய்ச்சல் பாக்கற மிஷினை பிடிக்கறது ஒரு பக்கம் நடக்கட்டும், எங்க கொல்லைய வாரம் ஒரு தடவ ஒரு ஆள் எட்டிப் பாக்கறதத்தான் நான் பாதுகாப்புன்னு நம்பறேன்.

எங்க வீட்டுக்கு ரொம்ப நாளா வந்துட்டு இருந்த டிபிசி அக்காவ பத்தி சொல்லணும். ஃப்ரிட்ஜுக்கு பின்னாடி இருக்கற ட்ரேயை இழுத்துப் பாப்பாங்க, கோழிக்கு தண்ணி வைக்கற சட்டிய பாப்பாங்க, அப்புறம் நேரா பின்னாடி ரப்பர் விளைக்கு, அதாவது தோட்டத்துக்கு, போயிருவாங்க. மழை நேரத்துல பால் வெட்டு நின்னு போச்சுன்னா பால் பிடிக்க மரத்துல மாட்டி வச்சிருக்கற செரட்டை (கொட்டாங்குச்சி) எல்லாம் தண்ணி ரொம்பி கிடக்கும், ஒரு விளைல எத்தன மரம் இருக்கோ அத்தன கொசு தொட்டி. ஒரு செரட்டைய எடுத்து வெயிலுக்கு சாச்சு என்கிட்ட காட்டுனாங்க, கை நிழல் பட்டதும் புழுவெல்லாம் நெளிஞ்சு அடிக்கு போகுது. "இந்தா உருண்டையா கிடக்குல்லா, இது பியூபா, கூட்டுப்புழு ஆயாச்சு மக்களே. இதுக்கு மருந்து ஊத்தியும் பிரயோஜனம் இல்ல, இது தீனி எடுக்காது. கொட்டி கமத்திரணும். ரெண்டு நாள் விட்டா பறந்துரும்"னாங்க. எந்த வீட்டுல ஆள் வெளிநாட்டுல, எந்த வீட்டுல சாவி யார்கிட்ட இருக்கும், எந்த விளைக்காரர் செரட்டைய கமத்த மாட்டாரு, யார்கிட்ட எப்படி பேசினா கேப்பாங்க, எல்லாம் அவங்களுக்கு மனப்பாடம்.

காய்ச்சல் குறைஞ்சதும் ஆள் குறைப்புன்னு சொல்லி அவங்கள நிறுத்திட்டாங்க. தினக்கூலி ஆளுதானே, ஒரு வார்த்தை போதும். அடுத்த மழைக்கு வந்தது புதுசா ஒரு பொண்ணு, நல்ல பிள்ளைதான், குறை சொல்ல மாட்டேன், ஆனா அதுக்கு விளைக்குள்ள போகணும்னே யாரும் சொல்லிக் குடுக்கல.

இதுல எனக்கு தாங்க முடியாத விஷயம் என்னன்னா, சீசன்னு அதிகாரிங்க சொல்றதே கொசு கணக்குக்கு ஒத்து வராது. ஏடிஸ் முட்டைய தண்ணிக்கு கொஞ்சம் மேல பாத்திரத்தோட சுவத்துல ஒட்டி வைக்கும், தண்ணி வத்தினாலும் அது சாகாது, மாசக்கணக்குல காஞ்சு கிடந்து அடுத்த மழைல நனைஞ்சதும் பொரிக்கும். அப்போ காய்ச்சல் இல்லாத மாசத்துலதான் தொட்டியையும் டிரம்மையும் தேச்சுக் கழுவ வைக்கணும், பழைய டயரை அப்புறப்படுத்தணும். நம்ம மாவட்டத்துக்கு ஜூன்லயும் மழை, அக்டோபர்லயும் மழை, நடுவுல கோடை மழை வேற, இங்க எந்த மாசத்த பாத்து சீசன் முடிஞ்சுதுன்னு சொல்றது?

சிஸ்டருங்க நிலைமை வேற மாதிரி. ஒரு சப் சென்டருக்கு 5,000 ஜனம், மலைப்பகுதின்னா 3,000ன்னு கணக்கு. கர்ப்பிணிய பதிவு பண்ணி பிக்மி நம்பர் வாங்கறது, புதன்கிழமை தடுப்பூசி, கர்ப்பிணிங்களுக்கு அரசு குடுக்கற முத்துலட்சுமி ரெட்டி திட்டத்து பணத்துக்கு விவரம் ஏத்தறது, வீட்டுக்கு போய் பச்சைப் பிள்ளைய பாக்கறது எல்லாம் ஒரே ஆளு. பக்கத்து சப் சென்டர் காலியா இருந்தா இன்சார்ஜ்னு சொல்லி அதையும் தலைல கட்டிருவாங்க. பகல்ல நடக்கறாங்க, ராத்திரி சாப்பிட்டுட்டு உக்காந்து போன்ல என்ட்ரி போடறாங்க, நெட் கிடைக்கலன்னா மொட்டை மாடி.

எல்லைக்கு அந்த பக்கம் எல்லாம் நல்லா இருக்குன்னு நினைச்சிறாதீங்க. எங்க சித்தி மக ஒருத்தி அங்க வாக்கப்பட்டு போனவ, ஆஷா ஒர்க்கர், வீடு வீடா போற சுகாதார பணியாளர். ஆஷா திட்டம் 2005ல வந்தது, இவங்களுக்கு குடுக்கறது சம்பளம் இல்ல, ஊக்கத்தொகை. 2022ல உலக சுகாதார நிறுவனம் இந்திய ஆஷாக்களுக்கு விருது குடுத்துச்சு. 2025 பிப்ரவரில அதே ஆஷாக்கள் திருவனந்தபுரம் செக்ரட்டேரியட் முன்னாடி வெயில்லயும் மழைலயும் மாசக்கணக்குல உக்காந்தாங்க, 7,000 ரூபாய 21,000 ஆக்குங்கன்னு. அந்த வருஷம் அக்டோபர்ல கூடினது 1,000. விருத வச்சு பிள்ளைக்கு பீஸ் கட்ட முடியாதுல்லா.

எனக்கு இன்னும் ஆதங்கம் நம்ம பக்கத்து மேலதான், ஏன்னா இத முதல்ல புரிஞ்சிக்கிட்ட மாநிலம் நம்மது. 1939லயே மெட்ராஸ் பொது சுகாதார சட்டம் வந்தாச்சு. ஆஸ்பத்திரி டாக்டர் வேற, பொது சுகாதாரம் பாக்கற டாக்டர் வேறன்னு தனி இயக்குநரகம், தனி கேடர் (அதுக்குன்னே தனி பணிப்பிரிவு) வச்சிருக்கோம். எல்லா மாநிலமும் இப்படி தனி கேடர் வைக்கணும்னு 2017 தேசிய சுகாதார கொள்கை சொல்லுது. மேல அவ்வளவு உறுதியா கட்டி வச்சிட்டு, கொல்லைக்குள்ள இறங்கற ஆளை மட்டும் தினக்கூலில வச்சிருக்கறது எப்படி சரியாகும்? நோய் வராம தடுத்த வேலைக்கு காட்ட ஒண்ணும் இருக்காது, வராத காய்ச்சலை யாரும் எண்ண மாட்டாங்க, அதனாலதான் செலவ குறைக்கணும்னா முதல்ல இவங்க பேர் அடிபடுது.

நான் கேக்கறது பெருசா ஒண்ணும் இல்ல. டிபிசி ஆளுங்களுக்கு 12 மாசமும் வேலை, மாசச் சம்பளம், அதே ஊர்ல அதே ஆளு. ரப்பர் விளை இருக்கற பஞ்சாயத்துக்கு அதுக்கு ஏத்த மாதிரி கூடுதல் ஆள். சிஸ்டர் ரிட்டயர் ஆகற தேதி முன்னாடியே தெரியும்ல, அதுக்குள்ள அடுத்தவங்கள போட்டு கூட நடந்து ஊர பழக விடுங்க. கிராமசபை அக்டோபர் 2ல வருது, மழைக்கு முன்னாடி. நம்ம பஞ்சாயத்துல கொசு வேலைக்கு எத்தன பேரு, எந்த மாசம் வரைக்கும் வச்சிருப்பீங்க, நிறுத்தின அக்காவ திருப்பி எடுப்பீங்களான்னு எழுதிக் குடுத்து தீர்மானத்துல ஏத்த சொல்லப் போறேன். எங்க பஞ்சாயத்து ஆளுங்க யாராவது இத படிச்சா அன்னிக்கு வாங்க, கையெழுத்துக்கு ஆள் வேணும்.