மலையில் நடக்கும் க்ரைம் த்ரில்லர்: யார் கையில் எந்தத் துப்பாக்கி?

கோத்தகிரிப் பக்கம் ஒரு எஸ்டேட் பங்களா. உள்ளே கொலை. சுட்டவன் கையில் சைலன்சர் பூட்டிய 9 எம்.எம். பிஸ்டல். இப்படித் தொடங்கும் திரைக்கதையை முதல் பக்கத்திலேயே நிறுத்திக் கேட்க வேண்டும்: அது அவன் கைக்கு எப்படி வந்தது? நம் நாட்டில் 9 எம்.எம். தடை செய்யப்பட்ட போர் (bore, அதாவது குழல் அளவு). சாதாரண உரிமத்தில் வாங்க முடியாது. போலீஸிடமிருந்தோ ராணுவத்திடமிருந்தோ போயிருக்க வேண்டும், அல்லது கடத்தி வந்திருக்க வேண்டும். எது என்று கதை சொல்லாவிட்டால் அங்கேயே ஓட்டை விழுந்துவிடுகிறது. மலையில் ஏற்கெனவே இருக்கும் துப்பாக்கிகளே ஒரு த்ரில்லருக்குத் தாராளம். அவற்றோடு ஒட்டிக்கொண்டு வரும் காகிதங்கள் பாதித் துப்பறியும் வேலையைச் செய்துகொடுக்கும்.

எஸ்டேட் கதையில் முதலில் வர வேண்டியது 12 போர் இரட்டைக்குழல். பழைய பங்களாக்களில் வெள்ளைக்கார துரை காலத்து வெப்லி ஸ்காட் என்ற பிரிட்டிஷ் துப்பாக்கி இருக்கலாம். இல்லையென்றால் உள்நாட்டில் செய்தது. குழலின் உள்விட்டம் சுமார் 18.5 மில்லிமீட்டர். உள்ளே வரிப்பள்ளம் கிடையாது, வழுவழுப்பு. பக்கத்தில் பக்கத்தில் இரண்டு குழல், பெரும்பாலும் இரண்டு ட்ரிகர். முன் ட்ரிகர் வலது குழலைச் சுடும், பின் ட்ரிகர் இடது குழலை. நடிகர் ஒரே ட்ரிகரை இரண்டு முறை இழுத்தால் விவரம் தெரிந்தவர்கள் அப்போதே பிடித்துவிடுவார்கள். இரண்டு வெடிதான், மூன்றாவது வேண்டுமென்றால் குழலை மடித்துத் திறந்து, காலித் தோட்டாவை எடுத்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டும். பழகிய கைக்கே சில நொடி பிடிக்கும். அந்தச் சில நொடியில்தான் காட்சியின் உயிர் இருக்கிறது. அதை எடிட்டிங்கில் வெட்டி எறியாதீர்கள்.

காலித் தோட்டா விஷயத்தில் இன்னொரு தவறு அடிக்கடி நடக்கிறது. குழலைத் திறந்ததும் இரண்டு தோட்டாவும் பின்னால் எகிறிப் பறப்பதுபோல் காட்டுவார்கள். எஜெக்டர் உள்ள விலை கூடிய துப்பாக்கிதான் அப்படித் தெறிக்கவிடும். உள்நாட்டு இரட்டைக்குழலில் பெரும்பாலும் எக்ஸ்ட்ராக்டர் மட்டும்தான். அது தோட்டாவை லேசாகத் தூக்கிக் கொடுக்கும், விரலால் இழுத்து எடுக்க வேண்டும். மழைக்காலத்தில் ஈரம் ஏறி ஊதிப்போன அட்டைத் தோட்டா சில நேரம் அதற்கும் வராமல் அடம்பிடிக்கும். கொலைகாரன் பதற்றத்தில் நகத்தால் தோண்டிக்கொண்டிருக்கும் காட்சியை ஏன் இன்னும் யாரும் எடுக்கவில்லை என்று தோன்றுகிறது.

துப்பறிபவருக்கும் அங்கேதான் தீனி. வழுவழுப்பான குழலில் வந்த ரவையை (தோட்டாவுக்குள்ளிருக்கும் சிறு உருண்டைகளை) வைத்து இன்ன துப்பாக்கி என்று சொல்ல முடியாது. ஆனால் காலித் தோட்டாவின் அடியில் ஃபயரிங் பின் என்ற ஊசி குத்திய தடம் இருக்கும். இரட்டைக்குழலில் அந்த ஊசியும் இரண்டு என்பதால் வலது குழல் தடம் வேறு, இடது குழல் தடம் வேறு. தேயிலைச் செடிக்கடியில் கிடந்த ஒரே தோட்டா எந்தக் குழலுடையது என்பதுவரை சொல்லிவிடலாம். அதற்குத் தோட்டாவும் துப்பாக்கியும் சென்னைத் தடய அறிவியல் துறைக்குப் போய்த் திரும்ப வேண்டும். இன்ஸ்பெக்டர் கண்ணால் பார்த்தே தீர்ப்புச் சொல்லும் வசனத்தை எடுத்துவிடுங்கள்.

ரவை சிதறுவதையும் சினிமா ஊதிக் காட்டுகிறது. ஒரு மீட்டர் தூரத்துக்கு இரண்டரை சென்டிமீட்டர் விரியும் என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம். ஹாலின் ஒரு மூலையிலிருந்து மறுமூலைக்கு ஐந்து மீட்டர் என்றால் பத்துப் பன்னிரண்டு சென்டிமீட்டர் வட்டத்துக்குள் எல்லாம் அடங்கிவிடும். சுவர் முழுக்கப் பொத்தல் விழாது. 40 மீட்டர் தாண்டினால் விரிந்து வலுவிழக்கும்; எதிர்மேட்டில் நிற்பவனை ரவையால் வீழ்த்துவது நடக்காது. அவ்வளவு தூரம் வேண்டுமென்றால் கதாபாத்திரத்துக்கு .315 ரைஃபிள் கொடுங்கள். உரிமத்தில் கிடைக்கும், போல்ட்டை இழுத்துத் தள்ளிச் சுடுவது, மேகசினில் ஐந்து தோட்டா.

அடுத்து காகிதம். மாவட்டத்தில் உரிமம் தருவது கலெக்டர். உரிமப் புத்தகத்தில் துப்பாக்கியின் எண், வாங்கிய தோட்டாக் கணக்கு எல்லாம் ஏறும். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்திருக்க முடியாது. தேர்தல் அறிவித்தால் காவல் நிலையத்திலோ ஆயுதக் கடையிலோ ஒப்படைக்கச் சொல்வார்கள். கொலை தேர்தல் சமயத்தில் நடந்தால் வீட்டில் துப்பாக்கி இருந்ததே ஒரு கேள்வி. மலைக்கென்று இன்னொரு ஏடும் உண்டு. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 34ஆம் பிரிவின்படி, சரணாலயத்திலிருந்து 10 கிலோமீட்டருக்குள் குடியிருக்கும் உரிமதாரர் வனத்துறையிடமும் பெயரைப் பதிய வேண்டும். முதுமலையை ஒட்டிய மசினகுடியில் கதை நடந்தாலும், 2013இல் சரணாலயமான கொடைக்கானல் காட்டோரத்தில் நடந்தாலும் இது பொருந்தும். போலீஸ் ஏட்டில் ஒரு எண், வனத்துறை ஏட்டில் வேறு எண் என்று ஒரு முடிச்சு போட்டால் படத்தின் இரண்டாம் பாதி தானாக நகரும். குடகில் கொடவர்களுக்கு உரிமத்திலிருந்து விலக்கு இருக்கிறது. அதை நீலகிரிக்கும் பொருத்தி எழுதிவிடாதீர்கள். இங்கே அப்படி எதுவும் இல்லை.

காட்டுப்பன்றிக்கென்று ஒளித்து வைத்திருக்கும் நாட்டுத் துப்பாக்கி வேறு ஜாதி. குழலின் வாய்வழியாக வெடிமருந்தும் ரவையும் கெட்டிப்பது. ஒரே வெடி. கரிமருந்து என்பதால் வெள்ளைப் புகை மண்டும். காற்றில்லாத சோலைக்குள் சுட்டவனுக்கே எதிரில் இருப்பது தெரியாது. சாரலில் மருந்து நமுத்தால் மருந்தைப் பற்றவைக்கும் கேப்பு மட்டும் பட்டென்று வெடித்து அடங்கிவிடும். ஜூலை மாதக் கூடலூர் மழையில் இதை வைத்துக்கொண்டு தொடர்ந்து சுடும் வில்லனை நம்பவே முடியாது.

போலீஸ் பக்கம் சுருக்கமாகவே போதும். ஸ்டேஷன் போலீஸ்காரர் சாதாரணமாகத் துப்பாக்கியோடு திரிவதில்லை. ஆயுத அறையிலிருந்து எடுக்க ஏட்டில் கையெழுத்து, திரும்ப வைக்கும்போது தோட்டாக் கணக்கு, சுட்டிருந்தால் காலித் தோட்டாவும் சேர்த்து ஒப்படைக்க வேண்டும். அதிகாரி இடுப்பில் உள்நாட்டு 9 எம்.எம். ஆட்டோ பிஸ்டல் என்றால் மேகசினில் 13. அதில் சுத்தி (ஹாமர்) வெளியே தெரியும். கிளாக் பிஸ்டல் என்றால் வெளிச்சுத்தியே கிடையாது. கிளாக்கை நெற்றியில் வைத்துக் கட்டைவிரலால் சுத்தியை இழுக்கும் க்ளிக் சத்தம் சேர்ப்பது சவுண்ட் எஃபெக்ட்ஸில் தொடர்ந்து வரும் பிழை. ரிவால்வர் சுட்டால் காலித் தோட்டா வெளியே விழாது, ஆறும் உருளைக்குள்ளேயே இருக்கும். அதில் சைலன்சரும் வேலைக்கு ஆகாது. உருளைக்கும் குழலுக்கும் நடுவிலுள்ள இடுக்கு வழியாகச் சத்தம் வெளியேறிவிடும்.

சத்தம் மலையில் தனிக் கணக்கு. ஒரு கிலோமீட்டருக்கு மூன்று நொடி. கேத்திப் பள்ளத்தாக்கின் எதிர்ப்புறம் துப்பாக்கி மின்னல் தெரிந்து, மூன்று நொடி கழித்து வெடி கேட்டு, பிறகு மேடுகளில் மோதி உருண்டு வர வேண்டும். ஒலிக்கலவையில் எதிரொலியை ஒரே அளவில் மூன்று முறை ஒட்டினால் கிணற்றுக்குள் கேட்பதுபோல் இருக்கும். ஒவ்வொரு மேடும் வெவ்வேறு தூரம், அதனால் இடைவெளியும் ஒழுங்கில்லாமல் வரும். அடர்ந்த மூடுபனியில் சுட்டவன் எந்தத் திசையில் இருக்கிறான் என்று ஊகிக்கவே முடியாது. இந்தக் குழப்பத்தைப் பின்னணி இசையால் மூடாமல் விடுவது நல்லது.

படப்பிடிப்புக்கு வருவோம். விழுவது, உருளுவது, இடுப்பில் செருகுவது எல்லாம் ரப்பர் டம்மி. க்ளோசப்புக்கு ரெப்ளிகா. கேஸில் ஸ்லைடு (பிஸ்டலின் மேல்பாகம்) ஓடும் ரெப்ளிகா ஊட்டி ஜனவரிக் காலையில் சண்டித்தனம் செய்யும்: குளிரில் கேஸ் அழுத்தம் இறங்கி ஸ்லைடு பாதியில் நிற்கும். டேக்குக்கு முன்புவரை போர்வைக்குள் வைத்திருங்கள். வெளிக்குளிரிலிருந்து லைட் போட்ட பங்களாவுக்குள் கொண்டுவந்தால் உலோகத்தில் நீர் பூக்கும். துடைத்து, மெல்ல எண்ணெய் தடவிய பிறகே கேமரா முன்னால் காட்ட வேண்டும்.

பிளாங்க், அதாவது குண்டில்லாமல் மருந்து மட்டும் உள்ள தோட்டா, வெடிப்பதில் சமரசமே கூடாது. 1984இல் அமெரிக்க நடிகர் ஜான் எரிக் ஹெக்சம் பிளாங்க் போட்ட துப்பாக்கியை நெற்றிப்பொட்டில் வைத்துச் சுட்டு இறந்தார். குண்டே இல்லாமல், பிளாங்க்கின் அடைப்பும் வெடிவாயுவின் வேகமுமே கொன்றன. 1993இல் நடிகர் பிராண்டன் லீ இறந்தது, டம்மித் தோட்டாவின் (காட்சிக்கு மட்டும், வெடிமருந்தில்லாதது) குண்டு குழலுக்குள் சிக்கியிருந்ததை யாரும் பார்க்காமல் அடுத்து பிளாங்க் போட்டதால். 2021இல் ஒளிப்பதிவாளர் ஹலினா ஹட்சின்ஸ் இறந்தது டம்மிகளுக்கு நடுவே உண்மைத் தோட்டா கலந்திருந்ததால். ஆகவே ஒவ்வொரு டேக்குக்கு முன்பும் குழலைத் திறந்து, பின்புறமிருந்து டார்ச் அடித்து மறுபக்கம் வெளிச்சம் வருகிறதா என்று நடிகரும் பார்க்க வேண்டும். டம்மித் தோட்டா ஒவ்வொன்றையும் காதருகே ஆட்டிப் பாருங்கள். உள்ளே போட்ட சிறு உருண்டை கலகலக்க வேண்டும், அல்லது பக்கத்தில் துளை இருக்க வேண்டும். இரண்டும் இல்லாத தோட்டா செட்டுக்குள் வரவே கூடாது. எதிரில் நிற்பவரைப் பார்த்துக் குறி வைக்காமல் ஓரமாக விலக்கிப் பிடித்து, கேமரா கோணத்தில் சரிசெய்துகொள்ளலாம். காட்டோரம் என்றால் பிளாங்க்கே வேண்டாம். யானையும் காட்டெருமையும் நடமாடும் இடத்தில் வெடி கிளப்பாமல், குழல்முனை நெருப்பைக் கிராஃபிக்ஸில் சேர்த்து, சத்தத்தை ஸ்டுடியோவில் போட்டுக்கொள்ளுங்கள். நடிகரின் தோள் பின்னுதைப்புக்கு மட்டும் முன்கூட்டியே பயிற்சி கொடுத்துவிடுங்கள், 12 போர் என்றால் தோள் நன்றாகவே பின்னால் போக வேண்டும்.