க்ரோ பேட்ரிக் மலை: எங்கே, எத்தனை சுற்று?

அயர்லாந்தின் மேயோ மாவட்டத்தில், க்ளூ விரிகுடாவைப் பார்த்தபடி நிற்கும் கூம்பு மலை க்ரோ பேட்ரிக். உயரம் 764 மீட்டர். ஊர்க்காரர்களுக்கு அது வெறும் ‘ரீக்’. கி.பி. 441-இல் அயர்லாந்தின் பாதுகாவலரான புனித பேட்ரிக் இதன் உச்சியில் 40 நாள் உபவாசம் இருந்தார் என்பது வழிவழியாக வரும் நம்பிக்கை. ஜூலை கடைசி ஞாயிறான ‘ரீக் ஞாயிறு’ அன்று பல்லாயிரம் பேர் யாத்திரையாக ஏறுகிறார்கள். உள்ளூர்க்காரர்கள் ஜூலை கடைசி வெள்ளியன்றும் ஏறுவதுண்டு. அதற்குக் ‘கார்லண்ட் வெள்ளி’ என்று பெயர். கிறிஸ்தவத்துக்கு முந்தைய அறுவடைத் திருநாளான லூனசாவின் காலமும் இதுவே.

முரிஸ்க் கிராமத்திலிருந்து ஏற இரண்டு மணி நேரம், இறங்க ஒன்றரை மணி நேரம் ஆகும். உச்சியைத் தொட்டதும் யாத்திரை முடிந்தது என்று பலர் திரும்பிவிடுகிறார்கள். மனத்துக்கு வருத்தமான விஷயம் இது. ஏறி வந்ததே அங்கே வலம் வந்து செபிக்கத்தானே.

நின்று செபிக்க வேண்டிய இடங்கள், அதாவது நிலைகள், மூன்று. முதல் நிலை, ஏறும் வழியில் கூம்பின் அடிவாரத்தில் உள்ள ‘லாக்ட் பெனான்’ என்ற கற்குவியல். பேட்ரிக்கின் சீடர் பெனனின் பெயரைத் தாங்கியது. இதை 7 முறை சுற்றி, 7 பரலோக மந்திரம், 7 அருள் நிறை மந்திரம், ஒரு விசுவாசப் பிரமாணம் ஆகிய கத்தோலிக்கச் செபங்களைச் சொல்ல வேண்டும். எப்போதும் வலமாகவே, சூரியன் போகும் திசையில். ஐரிஷ் மொழியில் இதை ‘டெஷல்’ என்பார்கள். இடமாகச் சுற்றுவது சாபத்துக்கு உரியது என்பது கிராமத்து நம்பிக்கை.

அதற்கு மேல்தான் கடினம். கூம்பு முழுக்கக் குவார்ட்சைட் என்ற கடினப் பாறையின் சரளை. அண்மை ஆண்டுகளில் பாதையைக் கல் பாவிச் சீரமைத்திருக்கிறார்கள். ஆனாலும் உருளும் கல்லுக்குக் குறைவில்லை. கால் பிசகுவது பெரும்பாலும் இறங்கும்போதுதான். களைத்த முழங்காலோடு குதிகாலை அழுத்தி ஊன்றினால் சரளை அப்படியே சறுக்கும். சிறு அடி வையுங்கள், கையில் உறுதியான தடி இருக்கட்டும். வெறுங்காலோடு ஏறுவது பழைய தவமுறை. அந்தக் கற்களின் விளிம்பு கூரானது. பழக்கமில்லாதவர்கள் காலணியோடு ஏறி, உச்சியில் மட்டும் கழற்றலாம்.

இரண்டாம் நிலை உச்சியில், 1905-இல் கட்டிய சிற்றாலயம். முதலில் மண்டியிட்டு 7 பரலோக மந்திரம், 7 அருள் நிறை மந்திரம், ஒரு விசுவாசப் பிரமாணம். பிறகு ஆலயத்தருகே திருத்தந்தையின் (போப்பின்) கருத்துகளுக்காக மன்றாட வேண்டும். அடுத்து ஆலயத்தை 15 முறை சுற்றி, 15 பரலோக மந்திரமும் 15 அருள் நிறை மந்திரமும். கடைசியாக ‘லாபா ஃபாட்ரிக்’, அதாவது பேட்ரிக்கின் படுக்கையை 7 முறை சுற்றி, மறுபடி 7, 7, ஒன்று.

எண்ணிக்கை தவறுவது அந்த 15 சுற்றில்தான். மேகம் மூடிவிட்டால் எந்த மூலையில் தொடங்கினோம் என்பதே மறந்துபோகும். 15 கூழாங்கற்களை ஒரு பையில் போட்டுக்கொண்டு, சுற்றுக்கு ஒன்றாக மறு பைக்கு மாற்றினால் போதும். அயர்லாந்தின் புனிதக் கிணறுகளிலும் கூழாங்கல் வைத்துத்தான் எண்ணுவார்கள். ஏறிய வியர்வை உடம்பில் இருக்கும்போதே கடற்காற்று அறையும். சுற்றத் தொடங்குமுன் உலர்ந்த உடையை மாற்றிக்கொள்ளுங்கள்.

மூன்றாம் நிலை ‘ரெலிக் வுரா’, மரியாவின் இடுகாடு. மேற்கே லெக்கன்வி பக்கம் சற்று இறங்க வேண்டும். மூன்று கற்குவியல்கள், ஒவ்வொன்றையும் 7 முறை செபத்தோடு சுற்றி, பின் வளாகம் முழுவதையும் 7 முறை வலம் வர வேண்டும். முரிஸ்க் பக்கம் வண்டியை விட்டு வந்தவர்கள் இறங்கியதை மறுபடி ஏற வேண்டியிருப்பதால் அதிகம் விடுபடுவது இந்த நிலைதான். இதற்கென்று காலில் தெம்பும் புட்டியில் தண்ணீரும் மிச்சம் வைத்துக்கொண்டு கிளம்புங்கள்.