வீட்டு மணிக்கூடு

2026 மார்ச் 22, ஞாயிறு

அம்மாவின் சத்திரசிகிச்சை திரும்பவும் தள்ளிப்போய்விட்டது. இரத்தத்தில் சோடியம் இறங்கியிருக்கிறதாம். ஏறினால்தான் மயக்க மருந்து கொடுக்கலாம். அம்மாவுக்கு இடுப்பு நோ ஒரு பக்கம், மண்டைக் குழப்பம் இன்னொரு பக்கம். இன்று முழுக்க என்னைச் சின்னம்மா என்றே கூப்பிட்டார்.

மார்ச் 23

பழைய கிளினிக் கொப்பியைத் தேடி வெள்ளவத்தை வீட்டு அலுமாரியின் கடைசி லாச்சியை இழுத்தேன். அம்மப்பாவின் 1942ஆம் ஆண்டுக் கொப்பி கையில் வந்தது. சிவப்புத் துணி அட்டை. ஈரம் பட்டால் ஊதாவாகும் பென்சிலால் எழுதியிருக்கிறார்.

"5.4.42. காலை 7.05 பெண் பிள்ளை. சுகம். 7.20 மருத்துவிச்சி வெளிக்கிட்டாள். அட்டியல் இல்லை."

'இல்லை' மேல் ஒரு சொட்டு விழுந்து ஊதாவாகப் படர்ந்திருக்கிறது. வியர்வையோ, கண்ணீரோ. படுத்தும் அந்தச் சொட்டு கண்ணை விட்டுப் போகவில்லை.

மார்ச் 24

100ஆம் இலக்க பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. அம்மா இரண்டு கரண்டி கஞ்சி குடித்தார். அவ்வளவுதான்.

மார்ச் 26

எங்கள் வீட்டில் ஒரு பொருள் வைத்த இடத்தில் இல்லாவிட்டால் "மருத்துவிச்சி வந்தவளோ?" என்றுதான் கேட்போம். நானும் கேட்டிருக்கிறேன், என் பிள்ளைகளும் கேட்கிறார்கள். அந்த மனுஷி யார், அவருக்குப் பிறகு என்ன நடந்தது என்று ஒருநாளும் யோசித்ததில்லை. அம்மாவை இந்த உலகத்துக்கு எடுத்துத் தந்த கை அது.

எனக்குச் சொல்லப்பட்டது இதுதான். கொட்டாஞ்சேனை வீடு. ஜப்பான்காரர் கொழும்பில் குண்டு போட்ட நாள். ஈஸ்டர் ஞாயிறு. அம்மம்மா கழுத்திலிருந்த ஏழு பவுண் அட்டியலைக் கழற்றித் தலையணைக்குக் கீழே வைத்துவிட்டுத்தான் நோவுக்குப் படுத்தா. பிள்ளை பிறந்து பார்த்தால் அட்டியல் இல்லை. மருத்துவிச்சி வேதக்காரி, கொச்சிக்கடைப் பக்கம். பிறகு ஆள்விட்டுக் கேட்டதற்கு, "நான் படியிறங்கேக்கையே வெடி கேக்கத் தொடங்கீட்டுது, வீடு நிறையச் சனம் நிண்டது" என்றாவாம்.

அதைப் பொய் என்று முடிவுகட்டியது அம்மப்பா இல்லை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த அவருடைய தமையன். ஜப்பான் விமானங்கள் துறைமுகத்துக்கு மேலே வந்தது, பேப்பர்படி, ஏழே முக்கால் அளவில். கொப்பியில் மருத்துவிச்சி போனது 7.20. அப்போது ஏது வெடி? ஏது சனம்? அக்கம்பக்கத்தார் பதுங்க வந்ததே வெடி தொடங்கிய பிறகுதானே. பொய் சொல்கிறவள்தான் எடுத்தவள். சரி, முடிந்தது வழக்கு.

அம்மப்பா ஏன் வாயைத் திறக்கவில்லை?

மார்ச் 27

அண்ணா கனடாவிலிருந்து எடுத்தார். அம்மாவுக்கு இந்த நிலை, நீ எண்பத்துநாலு வருடத்துக் களவைத் துப்புத் துலக்குகிறாயா என்றார். கட்டிலுக்குப் பக்கத்தில் கதிரை போட்டு நாள் முழுக்க இருப்பது நான். வேறு எதை நினைக்கச் சொல்கிறார்?

முதல் நாளே கடலில் ஜப்பான் கப்பல்களைக் கண்டு செய்தி அனுப்பியது பர்ச்சல் என்ற கனடா விமானி என்று சொன்னேன். அதை மட்டும் கவனமாகக் கேட்டார்.

மார்ச் 29

சோடியம் கொஞ்சம் ஏறியிருக்கிறது.

மார்ச் 31, செவ்வாய்

கை நடுங்க எழுதுகிறேன்.

காலையில் தாதி குளிசை கொண்டுவந்து, "எட்டு மணி மருந்து அம்மா" என்றார். அம்மா கண்ணை மூடிக்கொண்டே கேட்டார்: "பழைய நேரமோ, புது நேரமோ?"

தாதி சின்னப் பெண், விளங்கவில்லை. எனக்கு 1996 ஞாபகம் வந்தது. மே மாதம் மணிக்கூடுகளை ஒரு மணி முன்னுக்குத் தள்ளினார்கள், ஒக்டோபரில் அரை மணி குறைத்தார்கள், பழையபடி ஆக்கியது 2006இல். புலிகள் வசமிருந்த வன்னியில் மாற்றவே இல்லை. அங்கிருந்து வருகிற ஆளிடம் எந்த நேரத்தைக் கேட்டாலும் முதல் கேள்வி அதுதான்: பழைய நேரமா, புது நேரமா?

யுத்தக் காலத்திலும் அப்படித்தான். 1942 ஜனவரி 5இல் இலங்கை மணிக்கூடுகளை அரை மணி முன்னுக்குத் தள்ளினார்கள். செப்டெம்பரில் இன்னொரு அரை மணி. ஏப்ரலில் ஊர் ஓடியது புது நேரத்தில். பேப்பர்க்காரரின் ஏழே முக்காலும் புது நேரம்.

அம்மப்பாவின் வீட்டு மணிக்கூடு எந்த நேரத்தில் ஓடியது? பழைய நேரம் என்றால் அதன் 7.20 ஊருக்கு 7.50. வெடி தொடங்கிவிட்டது. வீடு நிறையச் சனம். அந்த மனுஷி உள்ளதைத்தான் சொல்லியிருக்கிறா.

ஏப்ரல் 1

அம்மாவின் ஜாதகக் குறிப்பை எடுத்துப் பார்த்தேன். உதயாதி, அதாவது சூரியன் எழுந்ததிலிருந்து, இரண்டரை நாழிகை. நாழிகைக்கு 24 நிமிடம், மொத்தம் ஒரு மணித்தியாலம். ஏப்ரலில் கொழும்பில் சூரியன் எழுவது பழைய நேரத்தில் ஆறு ஐந்து வாக்கில். கூட்டினால் 7.05! எழும்பி நின்று சாமிப் படத்தைக் கும்பிட்டேன்.

அப்புறம்தான் உறைத்தது. சாத்திரியார் சூரியனைப் பார்த்தா எழுதினார்? அம்மப்பா சொன்ன மணியிலிருந்து பஞ்சாங்க உதயத்தைக் கழித்திருப்பார். மணிக்கூடு புது நேரமாக இருந்து, பஞ்சாங்கம் பழைய நேரமாக இருந்தாலும் இதே இரண்டரைதான் வரும். ஆக, குறிப்பு எதற்கும் சாட்சியில்லை. பாதி இரவு வரை விழித்துக் கிடந்தேன். அந்த மனுஷிக்கு ஒரு சாட்சிகூட இல்லையா?

ஏப்ரல் 2

இருக்கிறது. இத்தனை நாளும் ஏப்ரல் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். இன்று முதல் தாளிலிருந்து புரட்டினேன்.

"5.1.42 திங்கள். கடை மணிக்கூடு மாற்றியது. வீட்டு மணிக்கூடு மாற்றவில்லை. பூசைக்குப் பழைய நேரம்."

ஏப்ரல் 3, பெரிய வெள்ளி

அண்ணாவுக்குப் படம் எடுத்து அனுப்பினேன். நெடுநேரம் பதில் இல்லை. பிறகு, "அப்ப அம்மப்பாவுக்குத் தெரியும்" என்று ஒரு வரி.

தெரிந்திருக்குமா? குண்டு விழுந்த நாளில் பிறந்த பிள்ளை, துறைமுகத்தில் டெனடோஸ், ஹெக்டர் என்ற கப்பல்கள் தாக்கப்பட்ட புகை, சனம் மூட்டை கட்டிக்கொண்டு ஊரைவிட்டு ஓடுகிற நாட்கள். அரை மணி மறந்துபோயிருக்கலாம். அப்படி நினைக்கத்தான் ஆசை. ஆனால் தன் கையால் எழுதியவர். தமையனுக்கு முன்னால் கதிரையில் இருக்கவே கூசுகிறவர் என்று அம்மா சொல்லியிருக்கிறார். 'இல்லை' மேலே விழுந்த சொட்டு எப்போது விழுந்தது?

ஏப்ரல் 4

சோடியம் சரி. திங்கட்கிழமை சத்திரசிகிச்சை. அம்மா என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லி முடித்து, அம்மம்மா சாகும்வரை செவ்வாய்க்கிழமைகளில் கொச்சிக்கடை அந்தோனியாரிடம் போனது தொலைந்த அட்டியலைக் கேட்கத்தானே, பாவம் என்றேன். சைவப் பழமான மனுஷி மெழுகுதிரி கொளுத்தப் போனதற்கு வீட்டில் சொல்லிவந்த காரணம் அது.

அம்மா கன நேரம் மேலே பார்த்துக்கொண்டு கிடந்தார்.

"அட்டியல் கேக்க அம்மா போகேல்லை. என்னையும் கூட்டிக்கொண்டு போவா. வாசல்ல ஒரு மனுஷி நிப்பா. என்ர தலையைத் தடவி, கச்சான் வாங்கித் தருவா. அம்மாவும் அவவும் கையைப் பிடிச்சுக்கொண்டு நிப்பினம். ஆரெண்டு கேட்டா சொல்ல மாட்டா. அப்பாட்டச் சொல்லக்கூடாது எண்டு மட்டும் சொல்லுவா."

ஏப்ரல் 5

அம்மாவுக்கு 84. இந்த முறையும் ஈஸ்டர் ஞாயிறு. விடியவே கொச்சிக்கடைக்குப் போனேன். 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்புக்குப் பிறகு ஈஸ்டர் அன்று அந்தப் படியில் கால் வைக்கத் துணிந்ததில்லை. இன்று வைத்தேன். மெழுகுதிரி இரண்டு. வாசலில் கச்சான் வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்தேன். சாப்பிட முடியாது, கையில் வைத்திருந்தார்.

வீடு நிறைய நின்ற சனத்தில் யார் எடுத்தது? அல்லது அம்மம்மாவே அந்தக் கையில் கொடுத்தாவா?

ஏப்ரல் 6

ஆறரைக்கு உள்ளே கொண்டுபோகிறார்கள். அம்மா காப்பு இரண்டையும் கழற்றி என் கையில் போட்டார். எண்ணிப் பார் என்றார். இரண்டு.